ஓட்டைக் குழாய்

திங்கட்கிழமை காலை ஏழு இருபதுக்கு அந்தக் குமிழி வந்தது. கடுகளவுதான். தொட்டித் தண்ணீருக்குள் கறுப்புக் குழாயின் கழுத்துப் பக்கமிருந்து கிளம்பி மேலே வந்து உடைந்தது. செல்வமேரி மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். குழாயின் நுனியை இடப்பக்கம் முழுக்க வளைத்துப் பிடித்தாள். அடுத்த குமிழி. அதன் பின்னாலேயே இன்னொன்று.

"ஐயோ, இன்னிக்குப் போயா," என்றாள் வாய்விட்டு.

மூன்று முழத்துக்குக் கொஞ்சமும் குறையாத குழாய் அது. நுனியில் ஒலியை அனுப்பி வாங்குகிற சின்ன மூக்கு ஒன்று உண்டு. தொண்டை வழியாக இறக்கினால், உணவுக்குழாய்ச் சுவரை அடுக்கடுக்காகக் காட்டும். கட்டி எந்த அடுக்கு வரை தின்றிருக்கிறது, பக்கத்தில் நெறி கட்டியிருக்கிறதா, கத்தி வைக்கலாமா கூடாதா என்பதை உள்ளே இருந்தே பார்த்துச் சொல்லும். வெளியில் ஜெல் தடவிப் பார்க்கிற ஸ்கேனுக்கு அந்தக் கண் கிடையாது. அந்த ஆஸ்பத்திரியில் இந்த வகைக் குழாய் ஒன்றே ஒன்றுதான். ஆறு வருடமாக அதைக் கழுவுகிறவள் செல்வமேரி.

கழுவுகிறவள் என்றால் சும்மா அலசுகிறவள் இல்லை. ஒருவர் வாயிலிருந்து வந்ததும் துடைக்க வேண்டும், காற்று அடைத்துத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை பார்க்க வேண்டும், சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து உள்துளைக்குள் பிரஷ்ஷை விட்டு இழுக்க வேண்டும், அப்புறம் மருந்துத் தண்ணீரில் இருபது நிமிடம். ஓட்டை இருந்தால் தண்ணீர் உறைக்குள் போகும். முந்தைய ஆளின் அழுக்கும் கூடப் போகும். உள்ளே போனதை எந்தப் பிரஷ்ஷாலும் எடுக்க முடியாது.

குழாய் கம்பெனியிலிருந்து வந்து சொல்லிக்கொடுத்த இன்ஜினியர், தண்ணீரில் போட்டு அரை நிமிடம் பார்த்தால் போதும் என்றான். மற்றக் குழாய்களைக் கழுவுகிற பெண்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். செல்வமேரியின் அப்பா பிழைக்க மராட்டியத்துக்கு வந்து, தாபோடி ரயில்வே கேட் ஓரம் சைக்கிள் பஞ்சர் கடை வைத்திருந்தவர். பத்து வயதிலேயே அவளைக் குந்தவைத்து ட்யூபைத் தண்ணீரில் இழுத்து, மடக்கி, திருப்பிப் பார்க்கச் சொல்லிப் பழக்கிவிட்டார். இழுத்தால்தான் வாயைத் திறக்கிற ஓட்டை உண்டு என்று அவள் கைக்குத் தெரியும். அந்தக் கைதான் இன்றைக்குக் காட்டிக்கொடுத்தது.

இன்றைக்கு அந்தக் குழாய் மூன்று பேர் தொண்டையில் இறங்க வேண்டும். மூன்றாவது ஆள் சவரிமுத்து. அவள் புருஷன். மாடியில் காத்திருக்கிற இடத்தில், ராத்திரி பத்து மணியிலிருந்து பச்சைத்தண்ணி பல்லில் படாமல் உட்கார்ந்திருக்கிறான்.

*

ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில் வார்ப்பு இரும்புக்குப் பிசிறு தட்டும் வேலை சவரிமுத்துவுக்கு. தாபோடியிலிருந்து இருட்டோடு கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் இறங்குவான். பதினான்கு வருடம் கான்ட்ராக்டில்தான். அந்த மாதங்களில் பாதிக்கு அவன் பெயர் ஈஎஸ்ஐ-யில் இல்லவே இல்லை என்பது கார்டை நீட்டியபோதுதான் தெரிந்தது.

பங்குனியில் சப்பாத்தி இறங்கவில்லை. அதை அவன் வீட்டில் சொல்லவில்லை. டப்பாவைப் பக்கத்து மெஷின்காரனிடம் தள்ளிவிட்டு டீயில் பிஸ்கட் நனைத்துத் தின்றிருக்கிறான். சித்திரையில் சோறும் நின்றது. அதன் பிறகு கேழ்வரகுக் கூழ்தான். அதையும் செல்வமேரி பழைய வேட்டித் துணியில் வடிகட்டித்தான் கொடுத்தாள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் தொண்டை வழியாகக் குழாய் விட்டுச் சதை எடுத்தார்கள். புற்று என்று வந்தது. ஆழம் தெரிய வேண்டும், உள்ளே போய்ப் பார்க்கிற ஸ்கேன் வேண்டும், அந்த மெஷின் இங்கே கெட்டுக் கிடக்கிறது, வெளியே எடுத்துக்கொண்டு வா என்று சீட்டு எழுதினார்கள்.

வெளியே எங்கே போவது? தினம் தன் கையில் தவழ்கிற சாமான்தானே என்று செல்வமேரி தன் ஆஸ்பத்திரியிலேயே மனு கொடுத்தாள். சலுகையில் செய்துகொள்ளலாம் என்று மேலிடத்தில் கையெழுத்துப் போட்டார்கள். தேதி மட்டும் கிடைக்கவில்லை. பட்டியலைப் போடுகிறவர் யூனிட் மேனேஜர் சந்திரமௌலி. சென்னைக்காரர். தமிழர் என்றாலும் அவளோடு இந்தியில்தான் பேசுவார். தனக்குக் காரியம் ஆக வேண்டுமென்றால் மட்டும் தமிழ் வரும்.

"அடுத்த வாரம், மௌஷி" என்பார். மௌஷி என்றால் மராத்தியில் சித்தி. ஆஸ்பத்திரியில் கூட்டுகிற, துடைக்கிற, கழுவுகிற எல்லாப் பெண்களுக்கும் அதுதான் பெயர். சித்தி என்று கூப்பிட்டுவிட்டு மூத்திரச் சட்டியை எடுக்கச் சொல்வார்கள்.

ஒன்பது அடுத்த வாரங்கள் போயின. பட்டியலில் கடைசியாக அவன் பெயர் வரும். காலையில் யாராவது காசு கட்டியவர் வந்தால் அந்தப் பெயர் அடிபடும். ஒவ்வொரு முறையும் பட்டினி கிடந்து, மழையில் லோக்கல் ரயில் பிடித்து வந்து, சாயங்காலம் திரும்பிப் போனான். முளா ஆறு ஏறி, தாபோடியில் அவர்கள் சந்துக்குள் முழங்கால் தண்ணீர் நின்ற வாரம்கூட பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு வந்து திரும்பினான். அறுபத்தெட்டு கிலோ ஆள் ஐம்பத்தொன்றுக்கு வந்திருந்தான்.

*

குமிழியை அவள் முதலில் ருக்மிணிக்குக் காட்டினாள். ருக்மிணி கூடக் கழுவுகிறவள், சாத்தாரா பக்கத்து மராத்திக்காரி.

"நான் எதையும் பார்க்கலை," என்றாள் ருக்மிணி மராத்தியில். "நீயும் பார்க்காதே. வளைக்காமல் வைத்தால் காற்று நிற்கிறதா, நிற்கிறது. பாஸ் என்று எழுது. உன் ஆளுக்கு முடியட்டும். நாளைக்கு நாம் ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்."

செல்வமேரி நோட்டில் பேனாவை வைத்தாள். எழுதியிருப்பாள். அதைப் பிற்பாடு அவளே சொன்னாள்: எழுதத்தான் போனேன் என்று. ஆனால் அந்தப் பக்கத்தின் மேலே சனிக்கிழமைக் கடைசி வரி அவள் கையெழுத்தில் இருந்தது. கணையத்தில் சீழ் கட்டிய ஒரு ஆள். இந்தக் குழாயை விட்டுத்தான் ஊசி போட்டுச் சீழை இறக்கினார்கள். அதன் நாற்றம் இரண்டு முறை கைகழுவியும் போகவில்லை. அன்றைக்குக் கடைசி நேர அவசரத்தில் அவளும் அரை நிமிடம்தான் பார்த்துக் கழுவி மாட்டியிருந்தாள்; முழுக்க வளைத்துப் பார்ப்பது இன்றைக்குத்தான். சீழுக்கு முன்பே ஓட்டை இருந்ததா, அப்புறம் வந்ததா, யார் கண்டார்கள்?

பேனாவை மூடிவிட்டு சந்திரமௌலியின் அறைக்குப் போனாள்.

அவர் வந்தார். அவளை வளைக்கச் சொன்னார். குமிழியைப் பார்த்தார். முகம் மாறியது. கம்பெனிக்குப் போன் செய்தார். பதிலுக்கு வேறு குழாய் புதன் சாயங்காலம் வரும் என்றார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் தமிழ் வந்தது.

"இங்க பாரும்மா, முதல் ரெண்டு பேரை நான் வியாழக்கிழமைக்கு மாத்திடறேன். உன் வீட்டுக்காரர் பாவம், எத்தனை தடவை வந்துட்டுப் போயிட்டார். அவருக்கு மட்டும் இதுலயே இன்னைக்கு முடிச்சுக் குடுத்துடறேன். அப்புறம் சர்வீஸுக்கு அனுப்பலாம். பெரிய டாக்டர்கிட்ட ஏதும் பேச வேண்டாம். சரியா?"

"நீங்க நல்லா இருக்கணும் சார்," என்றாள் செல்வமேரி. கைகூடக் கூப்பினாள். ஒன்பது வாரம் அலைந்தவளுக்கு அது உதவியாகத்தான் பட்டது.

அறையை விட்டு வெளியே வந்து கதவோரம் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே அவர் முதல் நோயாளியின் மகனுக்குப் போன் போட்டார். இந்தி. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"இல்லை சார், சின்னக் கோளாறுதான். ஆனா இன்ஃபெக்ஷன் ஆகலாம். உங்க அப்பா விஷயத்துல அந்த மாதிரி ரிஸ்க் நாங்க எடுக்கவே மாட்டோம். அது எங்க கொள்கை சார்."

செருப்பு பாதி மாட்டினபடி நின்றாள். காது கொதித்தது. கூப்பின கையை வெட்டிப்போட்டுக்கொள்ளலாம் போல் இருந்தது.

*

மாடியில் சவரிமுத்து ஜன்னலோரம் இருந்தான். கையில் ஊசி செருகி பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. பக்கத்தில் மகள் தீபா. விமான் நகரில் ஒரு ஓட்டல் வரவேற்பில் வேலை. இன்றைக்கு விடுப்பு போட்டு வந்திருந்தாள்.

"இன்னா மேரி, கூப்ட்டாங்களா?" என்று எழுந்தான்.

"குந்துயா. ஒண்ணு சொல்லணும்."

சொன்னாள். குமிழி, சீழ், போன், எல்லாவற்றையும். அவன் எச்சிலைக் கைக்குட்டையில் துப்பினான். விழுங்க முடியாமல் போன பிறகு அவன் எச்சில் எல்லாம் கைக்குட்டையில்தான்.

"அதுக்கு இன்னா இப்போ?" என்றான். "செஞ்சிகினு போயிடலாம். உள்ள புத்து கீது. அதுக்கு மேல இன்னா புதுசா வந்துடப் போவுது? இத்த வுட்டா இன்னொரு ஒம்போது வாரம் ஆவும். அதுக்குள்ள நான் கீறேனோ இல்லியோ."

"வாய அலம்பு."

"மெய்யத்தான சொல்றேன். நேத்து அந்தக் கூழே நின்னுகினு போச்சி. நீ பாத்துகினுதான இருந்த."

"பாத்தேன். அதுக்காவ இன்னொருத்தன் சீழ உன் வாயில ஊத்தச் சொல்றியா? அவனுங்க அப்பனுக்கு வோணாமாம். உனக்குன்னா சரியாம். நாய்க்கு வெக்கிற தட்டாய்யா நீ?"

"மம்மி, தீரே, தீரே," என்றாள் தீபா. மெதுவாகப் பேசு என்கிறாள். "எல்லாரும் பார்க்கிறது."

"பாக்கட்டும்."

சவரிமுத்து கோபப்பட்டான். "உனக்கு வேல பெரிசா, நான் பெரிசா? அந்த நோட்ல எழுதறதுக்குன்னே வாங்குன சம்பளமா உனக்கு? பேசாம வுட்டா இன்னிக்கு முடியும். நாளைக்கி ஆப்ரேசனா இல்லியான்னு தெரிஞ்சிடும். அது தெரியாமதான் எனக்குத் தூக்கம் போச்சி, வலியால இல்ல."

அவன் கேட்டதில் தப்பில்லை. வெளியே மழை கண்ணாடியில் அடித்தது.

அப்புறம் அவள் கேட்டாள். "ஒரு தபா சாணச் சக்கரம் வெடிச்சிச்சே, உங்க கம்பெனில. அந்த பீகார்க்காரனுக்கு."

"அத்த எதுக்கு இப்ப இழுக்கற?"

"சொல்லேன். அன்னிக்கி இன்னா நடந்துச்சி?"

"இன்னா நடந்துச்சி. மாட்டறதுக்கு முன்னால சக்கரத்த ஒரு தட்டு தட்டணும். நல்லதுன்னா கிண்ணுனு கேக்கும். விரிசல் வுட்டிருந்தா மொத்துன்னு கேக்கும். மொத்துன்னுதான் கேட்டுச்சி. நான்தான் தட்டிப் பாத்தேன். சூப்பர்வைசராண்ட சொன்னேன்."

"அவன் இன்னா சொன்னான்?"

சவரிமுத்து கைக்குட்டையை மடித்தான். திருப்பி மடித்தான்.

"இந்த ஷிப்ட் மட்டும் ஓட்டுங்கடா, அப்பால மாத்திக்கலாம்னான். எம் மெஷின்ல வோணாம்னேன். அந்தப் பையனுக்குப் போட்டான். புதுசு அவன். ஒண்ணும் தெரியாது." நிறுத்தினான். "தாடையே இல்ல அவனுக்கு."

தீபா அப்பாவின் முதுகில் கை வைத்தாள்.

"போ," என்றான் அவன். "போய் எழுது. மொத்துன்னு கேட்டுச்சின்னு எழுது."

*

கழுவுகிற அறையில் ஒரு டப்பா நிறைய சிவப்பு அட்டைகள் உண்டு. 'உபயோகிக்காதே' என்று ஆங்கிலத்திலும் மராத்தியிலும் அச்சடித்தது. ஆறு வருடத்தில் ஒன்றுகூடச் செலவாகவில்லை. செல்வமேரி ஒன்றை எடுத்துக் குழாயின் கழுத்தில் கட்டினாள். நோட்டில் நேரம் போட்டு, ஃபெயில் என்று எழுதிக் கையெழுத்திட்டாள். குழாயையும் நோட்டையும் கையில் எடுத்துக்கொண்டு, வார்டைச் சுற்றிவிட்டு வருகிற பெரிய டாக்டரின் முன்னால் நடுவராந்தாவில் போய் நின்றாள்.

பெரிய டாக்டர் அட்டையைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், பின்னால் ஓடி வந்த சந்திரமௌலியைப் பார்த்தார்.

"இன்றைக்கு ஒரு கேஸ் இருக்கிறது என்றாயே?"

"சார், கேஜ்ல பிரஷர் நிக்குது. மைனர்தான். அதுவும் நம்ம ஸ்டாஃப் கேஸ், சலுகை..."

"சலுகைக் கேஸுக்குத் தொண்டை வேறயா?" என்றாள் செல்வமேரி இந்தியில். "காசு கட்டினவங்களை மாத்திட்டாங்க டாக்டர். என் ஆளை மட்டும் மாத்தலை."

டாக்டர் கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் பட்டியலை யார் போடுகிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டவர் இல்லை. "இந்த ஸ்கோப் யாருக்கும் கிடையாது. புது ஸ்கோப் வந்ததும் பார்க்கலாம்," என்று நகர்ந்துவிட்டார்.

சந்திரமௌலி அவர் போகிற வரை காத்திருந்தார்.

"நல்லது பண்ணப் போனா இதான். சரி. வியாழக்கிழமை லிஸ்ட் ஃபுல்லு. வெள்ளியும் ஃபுல்லு. உன் வீட்டுக்காரருக்குப் பத்து நாள் கழிச்சுப் பாக்கலாம்."

"வியாழக்கெழம மொதல் கேஸ் அவருதான் சார்."

"அதை நான் சொல்லணும்."

"நீங்க ஒம்போது தபா சொல்லிட்டீங்க. இப்ப நான் சொல்றேன். மொதல் கேஸ் அவரு. இல்லன்னா அன்னிக்கிக் கழுவறதுக்கு வேற ஆளப் பாத்துக்குங்க."

"மிரட்டறியா? ருக்மிணி இருக்கா, தெரியும்ல?"

ருக்மிணி கழுவுகிற அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தமிழ் புரியாவிட்டாலும், செல்வமேரியோடு இருந்து கேட்ட பழக்கத்தில் தன் பெயரும் வியாழக்கிழமையும் புரிந்தன. பிளாஸ்டிக் ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்தபடி, "வியாழக்கிழமை எனக்கு லீவு சாஹேப். என் மாமியார் செத்துப்போகிறாள்," என்றாள்.

"போன வருஷமே செத்தாச்சே!"

"இந்த வருஷம் மறுபடியும்," என்றாள் ருக்மிணி. சிரிக்கவில்லை.

காசு கட்டிய நான்கு பேர் வியாழக்கிழமைக்கு வருகிறார்கள். புதுக் குழாயைக் கழுவத் தெரிந்தவர்கள் அந்தக் கட்டடத்தில் இந்த இரண்டு பேர்தான். சந்திரமௌலி அதைக் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, பட்டியலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

*

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குச் சவரிமுத்துவை உள்ளே எடுத்தார்கள். நாற்பது நிமிடம். செல்வமேரி கதவுக்கு வெளியே, ஏப்ரனும் கையுறையும் போட்டபடி நின்றாள்.

பெரிய டாக்டர் முகமூடியை இறக்கிவிட்டு வந்தார். அவளுக்கும் தீபாவுக்கும் ஒரு தாளில் வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டினார். சுவரில் இத்தனை அடுக்கு. கட்டி கடைசி அடுக்கையும் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கிறது. பக்கத்தில் இரண்டு நெறி. ஊசி போட்டுச் சதை எடுத்திருக்கிறோம். இன்னும் தூரமாகப் பரவவில்லை. முதலில் மருந்து, கதிர் எல்லாம் கொடுத்துச் சுருக்க வேண்டும். சுருங்கினால் ஆபரேஷன்.

"சுருங்குமா?" என்றாள் தீபா.

"பார்க்கலாம். கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தால் நேராக ஆபரேஷனுக்கே போயிருக்கலாமோ என்னவோ. நம் ஜனங்கள் எல்லாரும் லேட்டாகத்தான் வருகிறார்கள்."

செல்வமேரி அவரை நேராகப் பார்த்தாள்.

"அவர் வந்தாரு டாக்டர். ஒன்பது வாரமா இதே பெஞ்சுல வந்து உக்காந்தாரு. உங்க கதவுதான் லேட்டாத் தொறந்துச்சு."

டாக்டர் தாளை மடித்தார். மறுபடி பிரித்தார். அதை தீபாவின் கையில் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

கழுவுகிற அறையில் மேசை மேல் ஒரு கவர் இருந்தது. மெமோ. தீபா நின்றபடியே படித்தாள்.

"மம்மி, இதுல... மத்லப்... அதாவது நீ ஸ்கோப்பை முரட்டுத்தனமா வளைச்சே. அதனால அது உடைஞ்சது. நீ ஒத்துக்கிட்டு சைன் போடணும்."

வாசலில் சந்திரமௌலி. தமிழ். "ஃபார்மாலிட்டிதாம்மா. ஒரு கையெழுத்து. வேலைக்கெல்லாம் ஒண்ணும் வராது."

"ஓட்டையப் பாத்தவ நானு. போட்டவ இல்ல."

"எழுத்துல அப்படி இல்லையே."

"தீபா, அதுக்குக் கீழயே எழுது. இங்கிலீஷ்ல எழுது. நான் வளைக்கலைன்னா சனிக்கெழம சீழு திங்கக்கெழம மூணு பேர் வாயில போயிருக்கும்னு எழுது. சலுகை ஆளுக்கு மட்டும் அதே கொழாய வெக்கப் பாத்தாங்கன்னும் எழுது. அதுக்கு அடியில நான் சைன் போடறேன்."

தீபா மெமோவை மேசையில் வைத்துவிட்டுப் பேனாவைத் தேடினாள். சந்திரமௌலி அதை எடுக்கக் கை நீட்டினார். ருக்மிணி அதன் மேல் சோப்புத் தண்ணீர் வாளியை வைத்தாள்.

அதற்குள் குழாய் வந்துவிட்டது. நர்ஸ் தட்டோடு கொண்டுவந்து வைத்தாள். சவரிமுத்துவின் எச்சில் நூல் நூலாகத் தொங்கியது. நுனியில் கொஞ்சம் ரத்தம். செல்வமேரி அதை இரு கையாலும் ஏந்தினாள். துடைத்தாள். காற்று அடைத்துத் தண்ணீரில் அமுக்கினாள். மேலே, கீழே, இடம், வலம் என்று வளைத்து, ஒவ்வொரு வளைவிலும் நிறுத்திப் பார்த்தாள். தண்ணீர் அசையவில்லை. பிரஷ்ஷை விட்டாள். முதல் இழுப்பில் சிவப்பாக வந்தது. இரண்டாவதில் இளஞ்சிவப்பு. மூன்றாவதில் வெறும் தண்ணீர். நான்காவது முறையும் விட்டாள்.

மருந்துத் தொட்டியில் இறக்கி மூடியபோது மணி ஒன்பது பத்து.

"மௌஷி, ஜல்தி! அடுத்த பேஷண்ட் டேபிள்ல இருக்கார்," என்று உள்ளேயிருந்து சத்தம். சந்திரமௌலி கடிகாரத்தைப் பார்த்தார். எல்லா நாளும் நடப்பதுதான். பத்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். "பத்து நிமிஷம் போதும்மா, எடுத்துடு. அவர் பெரிய ஆள், திங்கக்கிழமையே நாம திருப்பி அனுப்பினவர்."

செல்வமேரி தொட்டிக்கு முன்னால், மூடியின் மேல் கையை ஊன்றி நின்றாள்.

"இருபது நிமிசம் சார்."

"அதான் உன் வீட்டுக்காரருக்கு முடிஞ்சுதே!"

"இது அந்த ஆளுக்கு," என்றாள். "எங்கூட்டுக்காரர் வாயில போயிட்டு வந்த கொழாயி இது. அந்த ஆளு வாயிலயும் சுத்தமாத்தான் போவணும். இருபதுன்னா இருபது. நீங்க போய் அப்பால குந்துங்க."

கடிகார முள் ஒன்பது பன்னிரண்டில் இருந்தது.